வென்டிலேட்டரில் இருப்பவருக்கு எவ்வளவு புரதம்?



ஐசியுவில் வென்டிலேட்டரோடு படுத்திருப்பவரைப் பார்த்துவிட்டு வரும் உறவினர்கள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கிறார்கள்: "உடம்பு இப்படி உருகிப் போகுதே, சத்தா ஏதாவது குடுக்கக் கூடாதா டாக்டர்?"

அவர்கள் கண்ணில் படுவது உண்மைதான். லண்டன் மருத்துவர்கள் 63 நோயாளிகளின் தொடைத் தசையை ஸ்கேன் மூலம் அளந்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தே நாளில் தசையின் குறுக்குப் பரப்பு சுமார் 18 சதவீதம் குறைந்திருந்தது. பல உறுப்புகள் பழுதானவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம்.

அப்படியானால் புரதத்தைக் கூட்டிக் கொடுத்தால் என்ன? மருத்துவ உலகமே நெடுநாள் இப்படித்தான் நினைத்தது. அதைச் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. 16 நாடுகளில், வென்டிலேட்டரில் இருந்த 1,300 பேர். ஒரு பிரிவினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2.2 கிராமோ அதற்கு மேலோ புரதம் கொடுக்க இலக்கு, மற்றவர்களுக்கு 1.2 கிராமுக்குள். அறுபது கிலோ எடையுள்ளவருக்குக் கணக்கிட்டால் 132 கிராமும் 72 கிராமும். அதிகம் பெற்றவர்கள் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. சிறுநீரகம் திடீரெனப் பழுதானவர்களுக்கு அது கெடுதலாகவே அமைந்திருக்கக்கூடும் என்றும் ஆய்வு காட்டியது.

காரணம் உடலுக்குள் இருக்கிறது. கடும் நோயின் முதல் நாள்களில் அழற்சியும் மன அழுத்த ஹார்மோன்களும் தசையை உடைத்துக்கொண்டே இருக்கின்றன; புதிதாகக் கட்டும் வேலையோ மந்தமாகிவிடுகிறது. கொத்தனார் வராத மனையில் செங்கல்லை மட்டும் இறக்கினால் சுவர் எழும்புமா? மிஞ்சிய புரதம் யூரியாவாக மாறுகிறது. அதை வெளியேற்றும் சுமை, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது.

பிரான்சில் 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வும் அதே ஆண்டில் வந்தது. வென்டிலேட்டரோடு, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தும் தேவைப்பட்ட நிலையில் இருந்தவர்கள் அவர்கள். முதல் வாரம் கலோரி, புரதம் இரண்டையும் வெகுவாகக் குறைத்துக் கொடுத்தும் இறப்பு கூடவில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் குறைந்தன.

பட்டினி போடலாம் என்று இதற்குப் பொருளல்ல. ஐரோப்பிய வழிகாட்டுதல், கிலோவுக்கு 1.3 கிராம் என்ற அளவைப் படிப்படியாக எட்டச் சொல்கிறது. அந்தப் 'படிப்படியாக'தான் முக்கியம்.

ஆகவே, உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரத மாவு டப்பாவை வாங்கி வந்து, குழாய் வழியாகக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இன்று எவ்வளவு புரதம் போகிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, எப்போது கூட்டுவீர்கள் என்று மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் கேளுங்கள். நோயாளி வார்டுக்கு வந்த பிறகு, அவர் சாப்பிடும் முட்டையையும் பருப்பையும் கவனிப்பதோடு, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை ஒரு நாளும் விடாமல் செய்ய வையுங்கள்.