குடல் புற்றுநோய்: டாக்டரிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி

(நம் அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பெருங்குடலில் புற்றுநோய் என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும், "எத்தனையாவது ஸ்டேஜ்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: "கட்டியில் மரபணுச் சோதனை செய்தாகிவிட்டதா?"

ஒரே ஸ்டேஜில் உள்ள இருவருக்கு ஒரே மருந்து ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கட்டிக்குள் இருக்கும் மரபணு மாற்றங்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

முதலாவது எம்.எம்.ஆர். சோதனை. செல்கள் பெருகும்போது மரபணுவில் எழுத்துப் பிழை போலத் தவறுகள் விழும். அவற்றைத் திருத்தும் நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று இதில் பார்க்கிறோம். குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதத்தில் இந்தத் திருத்தும் வேலை நின்றுபோயிருக்கும். கேட்கப் பயமாக இருந்தாலும், இரண்டாம் ஸ்டேஜில் இது பெரும்பாலும் நல்ல செய்தி. ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. பலருக்குக் கீமோ தேவைப்படாது. நோய் பரவியிருந்தால், பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்து இவர்களுக்குக் கீமோவைவிட நீண்ட நாள் நோயைக் கட்டுப்படுத்துகிறது.

இரண்டாவது, நோய் பரவியவர்களுக்கான ராஸ் சோதனை. செட்டுக்ஸிமாப் என்ற மருந்து, புற்றுநோய் செல்லை வளரச் சொல்லும் வெளி சுவிட்சை அணைக்கிறது. ராஸ் மரபணு மாறியிருந்தால், சுவிட்சை அணைத்தாலும் உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நகையை அடகு வைத்து வாங்கிய மருந்து பலன் தராது, பக்கவிளைவுதான் மிஞ்சும். ஆகவே அந்த மருந்தைத் தொடங்கும் முன்பே ராஸ் முடிவு கையில் இருக்க வேண்டும். பிராஃப் என்ற மரபணுவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதில் வி600இ என்ற மாற்றம் இருந்தால், பரவிய நோய் வேகமாக வளரக்கூடியது. சிகிச்சையை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

இனி குடும்பத்தைப் பற்றி. எம்.எம்.ஆர். கோளாறு சிலருக்குப் பிறவியிலேயே வருவது. அதற்கு லிஞ்ச் சின்ட்ரோம் என்று பெயர். இரத்தப் பரிசோதனையில் அது உறுதியானால், நோயாளியின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. கூடப்பிறந்தவர்களுக்கும் அப்படியே. பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் அபாயமும் கூடுகிறது. இருப்பது தெரிந்தால், பொதுவாக 20 முதல் 25 வயதுக்குள் தொடங்கி, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி செய்து, பாலிப் இருந்தால் புற்றாக மாறும் முன்பே எடுத்துவிடலாம்.

"பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும் நேரம், வெளியே தெரியக் கூடாது" என்று நம் வீடுகளில் நோயை மறைக்கிறோம். ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் கூடப்பிறந்தவர்களுக்குச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். தெரிந்திருந்தால் தப்பிக்க வழியுள்ள நோய் இது.

இந்தச் சோதனைகளுக்காகப் பொதுவாக இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை. எடுத்த சதையை லேப்பில் மெழுகுக் கட்டியாகப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். அதிலேயே செய்யலாம். வேறு மருத்துவமனைக்கு மாறினால், ரிப்போர்ட்டுடன் அந்த பிளாக்கையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.