செவியைக் காக்கும் மருந்து

(நமது சங்கத்தின் ஆண்டு மகாசபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைப் பற்றியும் கலியாணச் செலவைப் பற்றியும் பேசவல்ல அறிஞர் பலர் இம்மேடையில் வீற்றிருக்க, நாற்பது வருஷ காலம் மருந்துக்கடையிலேயே வாழ்நாளைக் கழித்த என்னையும் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்துள்ளார்கள். அறியாததைப் பேசுதல் தகாதாகையால், உயிரைக் காக்கும் மருந்தே செவியைக் கெடுத்தலையும், அக்கேட்டைத் தடுக்க மற்றொரு மருந்து தேடப்படுதலையும் குறித்துச் சில கூறுவேன்.

என் தாய்மாமன் மண்டியில் ஏலங்கூறும் தொழிலினர். தெருமுனைவரை அவர் குரல் கேட்கும். 1962ஆம் வருஷத்தில் அவருக்கு க்ஷயரோகம் கண்டது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். சில ஊசிகளுக்குள்ளாகவே காதில் வண்டு இரைவதாகச் சொன்னார். பலவீனத்தால் வருவது, போய்விடும் என்றார்கள். போனது இரைச்சலன்று, செவிதான். நோய் தீர்ந்து பின்னும் முப்பது வருஷம் இருந்தார். ஆனால் ஏலமேடையை விட்டுக் கணக்கு மேஜைக்குப் போனார். பேரம் கேளாதவன் ஏலம் கூறுவதெங்ஙனம்?

அம்மருந்தை யான் இகழ்கின்றேனில்லை. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில், வாக்ஸ்மன் என்பாரின் சோதனைச்சாலையில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் மாணவர் மண்ணில் வாழும் ஓர் நுண்ணுயிரினின்றும் அதனைக் கண்டெடுத்திராவிடின், என் மாமன் கணக்கெழுதவும் இருந்திரார்.

செவியின் உள்ளே நத்தையோடு போற் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் காதொன்றுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள் நின்று ஒலியை நரம்பிற்கு எடுத்துரைக்கின்றன. கோழிக்குஞ்சிற்கு இவ்வணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கும், மனிதனுக்கு முளையா. கெட்டபின் ஈடுசெய்தல் இயலாமையினாலே, கெடுமுன் காக்கும் மருந்தை அறிஞர் தேடலாயினர்.

அத்தேட்டத்தில் இதுகாறும் உறுதியாய்க் கைகூடியது சிஸ்பிளாட்டின் விஷயத்திலேயாம். இது பிளாட்டினம் என்னும் உலோகத்தினின்று ஆகும் புற்றுநோய் மருந்து. 1978இல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது முதல் எண்ணிறந்தோரைப் பிழைப்பித்துள்ளது. ஆயினும் நத்தைச்சுருளுட் புகுந்தால் மாதக்கணக்கிலே தங்கி மயிரணுக்களைக் கொல்லும். முதலிற் போவது மேற்சுருதி. பேச்சுப் பழகும் குழந்தைக்கு ஸகர ஷகர ஓசைகள் கேளாவிடின், பள்ளியில் அது மந்தம் என்னும் பெயரைச் சுமக்கும்.

இதற்கு மாற்றாக வந்த பொருளைக் கேட்டால் வியப்பீர்கள். படம் பிடிக்கும் ஸ்டூடியோ வைத்திருந்த நம் அன்பர்கள் ஹைப்போ என்று ஓர் உப்பைக் கரைத்து வைத்திருந்தார்களல்லவா? அந்தச் சோடியம் தையோசல்பேட்டே இது. அதிலுள்ள கந்தகம் பிளாட்டினத்தைப் பற்றிக்கொண்டு அதன் வேகத்தை அடக்கும். (ஸ்டூடியோ உப்பை யாரும் தேடிப் போகவேண்டாம், ஊசிக்கென்று சுத்திசெய்த மருந்து வேறு.)

செவியிலே மருந்தின் வேகத்தை முறிப்பது புற்றுக்கட்டியிலும் முறித்துவிடின் என் செய்வது? வைத்தியர் கண்ட உபாயம் காலந் தாழ்த்தலே. சிஸ்பிளாட்டினை ஏற்றி முடித்து 6 மணி நேரங் கழித்தே உப்பை ஏற்றுவர். அதற்குள் மருந்து கட்டியிலே தன் வேலையைப் பெரும்பாலும் செய்திருக்கும். செவியிலோ கேடு மெல்லவே விளையும். ஈரலிற் புற்றுக்கட்டி கண்ட குழந்தைகளிடம் இதனைச் சோதித்து 2018இல் வெளியிட்டனர். சிஸ்பிளாட்டின் மாத்திரம் பெற்றவருள் 100க்கு 63 பேருக்குச் செவிக்குறை நேர, உப்பும் பெற்றவருள் 33 பேருக்கே நேர்ந்தது. உயிர் பிழைத்தோர் தொகை குறையவில்லை. 2022 செப்டம்பரில் அமெரிக்க சர்க்கார் குழந்தைகளுக்கு இதனை அனுமதித்தனர்.

ஆனால் 2017இல் வெளியான மற்றொரு பரீட்சை நம்மை நிறுத்தி யோசிக்கவைக்கிறது. அங்கேயும் செவி காக்கப்பட்டது. எனினும் நோய் உடலிற் பரவிவிட்ட பிள்ளைகளுள், உப்புப் பெறாதவரில் 3 வருஷத்திற்குப் பின் 100க்கு 84 பேர் பிழைத்திருக்க, பெற்றவரில் 45 பேரே பிழைத்திருந்தனர். பிள்ளைகளின் தொகை சிறிதாகையால் தற்செயலாகவும் இருக்கலாம். இருந்தும், பரவாத கட்டிக்கு மாத்திரமே அனுமதி என்று வரம்பு வைத்துள்ளார்கள். அவ்வரம்பு நியாயமென்றே யான் கருதுகிறேன். ஆதலின், செவியைக் காக்க மருந்துண்டாமே என்று பத்திரிகையிற் படித்த மாத்திரத்தில் வைத்தியரை நெருக்கற்க. நோய் பரவியுளதா என்பதை முதலிற் கேட்டறிக.

இரைச்சலால் வரும் செவிட்டிற்கோ இன்றளவும் எந்தச் சர்க்காரும் ஒப்பிய மருந்தில்லை. எப்செலன் என்றொரு மாத்திரையை, உரத்த சங்கீதம் கேட்கச் செய்த வாலிபர்களிடம் சோதித்து 2017இல் நல்ல பலன் சொன்னார்கள். அது சிறிது நேரமே நிற்கும் மந்தத்தைப் பற்றியது. மனிதரை வேண்டுமென்றே நிரந்தரச் செவிடராக்கிச் சோதிக்கலாகாதன்றோ? சிறிது நேர மந்தமும் குற்றமற்றதன்று. காது தெளிந்துவிட்டதாகத் தோன்றிய எலிகளிலும் நரம்பின் இணைப்புக்கள் பல அழிந்திருந்ததை 2009இல் குஜாவா, லிபர்மன் என்னும் இருவர் காட்டினர். அரிசி ஆலையும் எண்ணெய் ஆலையும் உடையோர் நம்மிற் பலர். 85 டெசிபல் ஓசையில் 8 மணி நேரமே வேலை செய்யலாமென்றும், மும்மூன்று டெசிபல் ஏறுந்தோறும் காலத்தைப் பாதியாக்கவேண்டுமென்றும் அமெரிக்க நிபுணர் விதித்துள்ளனர். ஆலைக்காரர் காதிற் பஞ்சு வைத்துக்கொள்வது வீண். அதற்கென்று செய்த காதடைப்பான் விலை அதிகமன்று. மாத்திரை விற்க வருவோனை வாசலோடு அனுப்பிவிடுக.

இனி என் மாமனிடம் மீள்வேன். சில ஊசிகளிலேயே செவி போகும் குடும்பங்கள் உண்டு. அதன் காரணத்தை அறிஞர் 1993இல் வெளியிட்டனர். மாமன் இறந்தது 1992இல். நம் உயிரணுக்களினுள் மைட்டோகாண்ட்ரியா என்னும் சிற்றுறுப்புக்கள் உள. அவற்றின் மரபெழுத்தில் ஒன்று மாறியிருப்பின், அவை கிருமியின் சாயலை அடைகின்றன. கிருமியைக் கொல்ல வந்த ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் அவற்றையும் தாக்குகின்றன. பிரிட்டனில் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இம்மாறுதல் உண்டு. மான்செஸ்டரில், பிறந்த குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து அரைமணிக்குள் அறியும் சோதனையைச் செய்து 2022இல் வெளியிட்டார்கள்.

இம்மாறுதல் தாயிடமிருந்தே வருவது. நமது வம்சாவளிப் புஸ்தகமோ தந்தை வழியே எழுதப்பட்டது. அதில் இதனைத் தேடினால் அகப்படாது. மாமனுக்கு இருந்தால் அவர் மக்களுக்கு அவரால் வாராது. அவருடன் பிறந்தாளின் மக்களுக்கு, அதாவது எனக்கும் என் தங்கைக்கும், தங்கையின் மக்களுக்கும் வரும். நம்மவர் வழக்கப்படி அக்காள் மகளை மாமன் மணந்தாலோ, அவர் மக்களுக்கும் தாய் வழியே வந்துவிடும். மாமனுக்கு நேர்ந்தது இதனாலேயா என்று சோதிப்பார் அக்காலத்தில் இல்லை. ஆயினும் யான் தங்கை வீட்டார்க்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: “தாய்வழி மாமனுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் செவி போயிற்று. இவ்வின ஊசிக்கு மாற்று உண்டாயின் வைத்தியர் யோசிக்க வேண்டுகிறோம்.” மாற்றில்லை, உயிருக்கு இதுவே வேண்டுமென்று வைத்தியர் சொன்னால் மறுக்கக்கூடாதென்றும் சொல்லி வைத்தேன்.

சென்ற வருஷம் தங்கையின் பெண்வயிற்றுப் பேத்திக்குப் பிறந்த குழந்தைக்கு மூன்றாம் நாளில் ஜுரங் கண்டது. ஜென்டாமைசின் எழுதவிருந்த வைத்தியர் சீட்டைப் படித்து, இரண்டு கேள்வி கேட்டு, வேறு மருந்தெழுதினார். எம்மருந்தாயினும் செவி நன்றாகவே இருந்திருக்கலாம், யான் மறுக்கவில்லை. குழந்தை இப்போது கதவு கிறீச்சிட்டாலும் திரும்பிப் பார்க்கிறது. சீட்டின் படிகளைக் காரியதரிசியவர்களிடம் கொடுத்துள்ளேன், வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம்.