கோப்பில் இடம் பெறாத உழவர்



இறக்குமதி உரத்தின் மீதான தீர்வைகளும் அவற்றின் மீதான நீதிமுறைச் சீராய்வும் என்பது இந்தக் கருத்தரங்கில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். கட்டுரைச் சுருக்கங்களைப் படித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: நீதிமன்றம் நிர்வாகத்தின் முடிவுக்குள் எவ்வளவு தூரம் நுழையலாம்? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். நீதிபதியின் மேசைக்கு வரும் கோப்பு எப்படி உருவாகிறது? அதில் யாருடைய பேச்சு ஏறுகிறது, யாருடையது ஏறாமலே போகிறது? தலைமை உரைக்குத் தந்திருக்கும் நேரத்தை இதற்கே செலவிட விரும்புகிறேன்.

அமெரிக்காவின் பாஸ்பேட் உர வழக்கை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூனில், புளோரிடாவின் டாம்பா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மொசைக் நிறுவனம் அரசிடம் ஒரு மனு கொடுத்தது. மொராக்கோவும் ரஷ்யாவும் தங்கள் உர ஆலைகளுக்கு மானியம் தருகின்றன, அந்த மலிவுச் சரக்கு உள்நாட்டுத் தொழிலை நசுக்குகிறது என்பது புகார். மனு கொடுத்தது சிறிய ஆலை அன்று. பாஸ்பேட் உரத்தில் அந்நாட்டின் மிகப் பெரிய உற்பத்தியாளர். எதிர்ப்பக்கத்தில் இருந்த மொராக்கோவின் ஓ.சி.பி. நிறுவனமும் எளியதன்று. உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் பெரும்பங்கு மொராக்கோ அரசின் கட்டுப்பாட்டு நிலத்தில்தான் கிடக்கிறது. இரண்டு யானைகள் மோதிய களம் அது.

அமெரிக்கச் சட்டப்படி இந்த வேலையை இரண்டு அமைப்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. மானியம் உண்டா, எத்தனை விழுக்காடு என்று வணிகத் துறை கணக்கிடும். அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குக் கேடு விளைந்ததா என்று பன்னாட்டு வணிக ஆணையம் தீர்மானிக்கும். இரண்டும் ஆம் என்றால்தான் மானியத்துக்கு எதிரான ஈட்டுத் தீர்வை விதிக்க முடியும். 2021 பிப்ரவரியில் வணிகத் துறை ஓ.சி.பி.க்கு 19.97 விழுக்காடு என்றும், ரஷ்யாவின் ஃபாஸ்அக்ரோவுக்கு 9.19, யூரோகெமுக்கு 47.05 என்றும் அறிவித்தது. மார்ச்சில் ஆணையம் பெரும்பான்மை வாக்கில் கேடு உண்டு என்றது. ஏப்ரலில் ஆணை வெளியானது.

நிறுவனங்கள் நியூயார்க்கில் இருக்கும் பன்னாட்டு வணிக நீதிமன்றத்துக்குப் போயின. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் இன்றைய வடிவம் பெற்ற நீதிமன்றம் அது. அதன் கையில் உள்ள அளவுகோல் எளிமையானது, குறுகலானதும்கூட: முடிவுக்குக் கோப்பில் கணிசமான சான்று இருக்கிறதா, முடிவு சட்டத்துக்கு இசைந்ததா? தீர்வை நல்லதா, சோளம் விதைப்பவர் தாங்குவாரா என்பதெல்லாம் அந்த நீதிபதியின் வேலை இல்லை. புதிய சான்றும் எடுக்க மாட்டார். ஆணையத்தின் முன் வைக்கப்பட்ட காகிதங்களே அவர் பார்க்கும் உலகம்.

2023 செப்டம்பரில் அந்த நீதிமன்றம் ஆணையத்தின் கேடு முடிவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. அது கவனம் வைத்த இடத்தைப் பாருங்கள். 2018 இலையுதிர் காலத்திலும் 2019 வசந்தத்திலும் அமெரிக்காவில் கடும் மழை. வயல்கள் நீரில் நின்றன, உரம் போட முடியவில்லை, கப்பலில் வந்த சரக்கு தேங்கியது, விலை சரிந்தது. சரிவுக்குக் காரணம் மழையா, இறக்குமதியா? அதற்கு விடை காண ஒரு சின்னக் கேள்வியைத் தீர்க்க வேண்டியிருந்தது: நியூ ஆர்லியன்ஸில் இறங்கி மிசிசிப்பி ஆற்றுவழியே படகில் மேலேறிவிட்ட உரத்தை, அங்கே விற்காவிட்டால், வேறிடத்துக்கு மாற்றி அனுப்ப முடியுமா? இதில் ஆணையம் சொன்னதற்குக் கோப்பில் போதிய சான்று இல்லை என்றது நீதிமன்றம். கோடிக்கணக்கான டாலர் தீர்வை ஒரு படகின் பயணத் திசையில் வந்து நின்றது. சீராய்வு என்பது பெரும்பாலும் இத்தகைய பொடி வேலைதான். பெரிய கொள்கை முழக்கங்களைத் தேடித் தீர்ப்பைப் புரட்டும் மாணவர்கள் ஏமாந்துபோவார்கள்.

(அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீபன் வேடன் முன்பு வேளாண்மைத் துறையின் தலைமைச் சட்ட அலுவலராக இருந்தவர், 2025இல் அதே துறையின் துணைச் செயலராகவே போய்விட்டார். இதிலிருந்து எதையும் நிறுவ நான் முயலவில்லை. வழக்கறிஞர்களின் தேநீர் நேரப் பேச்சுக்குப் பயன்படட்டும்.)

ஆணையம் என்ன செய்தது? 2024 ஜனவரியில் விளக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டு, பழைய முடிவையே மறுபடி எட்டியது. இதைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருப்பி அனுப்புவதன் பொருள் காரணம் சொல் என்பதுதான்; முடிவை மாற்று என்பதில்லை. காரணம் சொல்லப் பழக்கும் வரை சீராய்வு பயனுள்ளதே.

ஆனால் இந்தக் காலம் முழுவதும் தீர்வை நடைமுறையில் இருந்தது. வழக்கின் இறுதி முடிவு இறக்குமதியாளருக்குச் சாதகமானால் கட்டியது வட்டியோடு திரும்பக் கிடைக்கச் சட்டத்தில் வழி உண்டு. 2023 நவம்பரில் வணிகத் துறையின் முதல் ஆண்டு மறுஆய்வே ஓ.சி.பி.யின் விகிதத்தை 19.97இலிருந்து 2.12 விழுக்காட்டுக்கு இறக்கியது. அந்த மறுஆய்வுக் காலத்தில் வந்த சரக்குக்கு முன்பணமாகக் கட்டிய தொகையில் மிச்சம் திரும்ப வேண்டியதுதான். யாருக்குத் திரும்பும்? சுங்கத்தில் பணம் கட்டிய இறக்குமதியாளருக்கு. 2021இல் கூடுதல் விலை கொடுத்து டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட்) உரம் வாங்கி அயோவா வயலில் போட்ட விவசாயிக்கு ஒரு சென்ட் வராது. 20 விழுக்காடு தலைமேல் தொங்கும்போது மொராக்கோ சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தை விட்டு விலகிப்போனது. வராத சரக்குக்குத் திரும்பப் பெற ஏதும் இல்லை, அதனால் ஏறிய விலைக்கு ஈடும் இல்லை. விலை ஏற்றத்துக்குத் தீர்வை மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். 2021 ஆகஸ்டில் லூசியானாவைத் தாக்கிய ஐடா புயல், அக்டோபரில் சீனா போட்ட ஏற்றுமதிக் கட்டுப்பாடு, 2022 பிப்ரவரியில் வெடித்த உக்ரைன் போர் எல்லாம் சேர்ந்தன. எந்த விழுக்காடு எதனால் என்று பிரித்துக் காட்டும் பொறுப்பைச் சட்டம் யாருக்கும் தரவில்லை என்பதே என் புகார்.

அமெரிக்கச் சட்டத்தில் 'அக்கறையுள்ள தரப்பு' என்றொரு வரையறை உண்டு. உள்நாட்டு உற்பத்தியாளர், வெளிநாட்டு உற்பத்தியாளர், இறக்குமதியாளர், ஏற்றுமதி நாட்டின் அரசு, தொழிற்சங்கம் இவர்களெல்லாம் அதற்குள் வருவார்கள். பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர் வரமாட்டார். அவர் தகவல் தரலாம், கருத்துச் சொல்லலாம்; தீர்வையை எதிர்த்து வழக்குப் போட முடியாது. சோள விவசாயிகளின் தேசியச் சங்கம் நீதிமன்றத்துக்குத் துணை நிற்பவராக ஓர் அறிக்கை தாக்கல் செய்ததோடு நிற்க வேண்டியிருந்தது. விவசாயியால் நேரடியாகப் பேச முடியாத கோப்பை வைத்துக்கொண்டு நீதிபதி எவ்வளவு துணிவாக இருந்தாலும் விவசாயியைக் கண்டுவிட மாட்டார்.

கோப்பில் ஏறும் எண்ணும் இதே அளவு முக்கியம். நைட்ரஜன் உரத்தில் செலவின் பெரும்பகுதி இயற்கை எரிவாயு. ரஷ்யாவில் அதன் உள்நாட்டு விலை மலிவு. அந்த விலை செயற்கையானது என்று சொல்லி, ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய உரத்தின் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரியை (உரிய விலைக்குக் கீழே வெளிநாட்டில் விற்பதற்கு எதிரான வரியை) கணக்கிடும்போது ஜெர்மனி எல்லையில் வைதௌஸ் என்ற இடத்தின் எரிவாயு விலையை எடுத்துப் பொருத்தியது. அக்ரோன், யூரோகெம் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2013 பிப்ரவரியில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. ஏழாண்டு கழித்து, 2020இல், உலக வணிக அமைப்பின் நடுவர் குழு இந்தச் செலவுப் பொருத்தல் முறையில் குறை கண்டது. மேல்முறையீட்டு அமைப்போ 2019 டிசம்பரிலிருந்தே செயலற்றுக் கிடந்தது. அங்கே மேல்முறையீடு செய்வதென்றால் வெற்று நாற்காலியிடம் மனு கொடுப்பது. ஒன்றியம் அதையே செய்தது.

உக்ரைன் கதை இன்னும் பாடம் தருவது. ரஷ்ய அமோனியம் நைட்ரேட்டின் மீது 2008இல் வரி போட்டார்கள். யூரோகெம் உக்ரைன் நீதிமன்றங்களில் வென்றது. 2010இல் அதன் விகிதம் சுழியானது. பிறகு நீட்டிப்பு மறுஆய்வு என்ற பெயரில் 2014இல் அதே நிறுவனத்தையும் சேர்த்து 36.03 விழுக்காடு போட்டார்கள். சொந்த நாட்டு நீதிமன்றத்தில் கிடைத்த தீர்ப்பு அடுத்த கோப்பில் ஏறவே இல்லை. 2019 செப்டம்பரில் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்புதான் இது தவறு என்றது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே பொருள் குவிப்புத் தடுப்பு விசாரணைகள் பற்றி நம் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு செய்திகளும் கோப்பைப் பற்றியவை என்பது தற்செயல் இல்லை. 2006இல் ரிலையன்ஸ் வழக்கில், விசாரணை அதிகாரியின் வேலை அரை நீதிமன்றத் தன்மை கொண்டது, தகவலை இரகசியம் என்று இயந்திரத்தனமாக மறைக்கக் கூடாது என்றது. 2011இல் டயர் உற்பத்தியாளர் சங்க வழக்கில், விசாரித்தவரே முடிவு எழுத வேண்டும் என்றது; பாதியில் மாற்றலாகி வந்த அதிகாரி காதால் கேட்காததை எழுத முடியாதல்லவா? முதலது வேதிப்பொருள், இரண்டாவது டயர். உரத்துக்கும் அப்படியே பொருந்தும்.

இந்தியாவில் உரத் தீர்வையை எதிர்த்து உழவர் நீதிமன்றம் ஏறுவதில்லை. ஏன் ஏற வேண்டும்? 2021 பட்ஜெட்டில் யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் மீது 5 விழுக்காடு வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி வந்தது, அடிப்படைச் சுங்க வரி நீக்கப்பட்டது. கடைக்காரர் கேட்கும் விலையில் அது தெரியவில்லை. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய் என்று அரசு பிடித்துவைத்திருக்கிறது. மிச்சம் மானியக் கணக்கில் போகிறது. ஒரு கையால் வாங்கிய தீர்வையை மறு கையால் மானியமாகக் கொடுப்பதில் உழவருக்கு வலி இல்லை, வழக்கும் இல்லை. மானியம் தளரும் நாளில் இந்தக் கேள்விகள் அனைத்தும் ஒரே மூச்சில் நம் நீதிமன்றங்களுக்கு வரும். நம் விதிகளிலும், பயன்படுத்துவோருக்குக் கருத்துச் சொல்ல வாய்ப்பு உண்டு; ஆனால் வினாப் பத்திரங்களை நிரப்பி, கணக்காளர் சான்றோடு கெடுவுக்குள் அனுப்ப எந்த உழவர் சங்கத்திடம் ஆள் இருக்கிறது?

இன்னொரு மாற்றத்தையும் குறித்துவிடுகிறேன். 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செவ்ரான் கோட்பாட்டைக் கைவிட்டது. நிர்வாகத் துறையின் சட்ட விளக்கத்துக்கு நீதிமன்றம் தலைவணங்க வேண்டிய நாற்பதாண்டுக் கட்டாயம் போயிற்று. வணிகச் சட்டத்தில் இது எதுவரை செல்லும் என்று மாலை அமர்வில் ஒரு கட்டுரை பேசவிருக்கிறது, ஆவலோடு கேட்பேன். ஆனால் செவ்ரான் சட்டத்தின் பொருளைப் பற்றியது. மிசிசிப்பிப் படகு உண்மை பற்றியது. உண்மைகளில் சான்றின் அளவுகோல் இருந்தபடியே இருக்கிறது.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தீர்ப்பின் முடிவுப் பத்தியை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். கேடு அறிக்கையையும் பொதுவெளியில் கிடைக்கும் வினாப் பத்திரச் சுருக்கங்களையும் திறந்து பாருங்கள். பயன்படுத்துவோர் எத்தனை பேர் பேசினார்கள், அவர்கள் பேச்சுக்கு முடிவில் பதில் இருந்ததா என்று எழுதுங்கள். மொராக்கோவிலிருந்து நமக்கும் பாஸ்பேட் வருகிறது. தூத்துக்குடியில் இறக்குமதி பாஸ்பாரிக் அமிலத்திலிருந்து டி.ஏ.பி. செய்கிறார்கள். எனவே இது தொலைநாட்டு வேடிக்கை இல்லை. உழவர் சங்கங்களுக்கு அந்த வினாப் பத்திரங்களை நிரப்ப உதவும் ஒரு சட்ட உதவி மையத்தை இந்தக் கருத்தரங்கை நடத்தும் துறையே தொடங்க வேண்டும் என்று தலைவர் என்ற முறையில் முன்மொழிகிறேன். நிறைவு அமர்வில் அதைத் தீர்மானமாக வையுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.