பழனி என்கிற பெயர்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் அனுபவம் பற்றிப் பேசுப்பா" என்றுதான் செயலாளர் அண்ணன் சொன்னார். அதைப் பேச எனக்கு முன்னாலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான் என் பெயரைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன்.

என் பெயர் பழனிச்சாமி. எங்கள் செட்டில் மூன்று பழனிகள். மெக்கானிக்கல் பழனி நான். சிவில் பழனி ஒருவர், இ.சி.இ. பழனி ஒருவர். விடுதியில் போன் வந்தால் "எந்தப் பழனி?" என்று கேட்காமல் யாரும் கூப்பிட மாட்டார்கள். தாராபுரம் பக்கத்துக்காரனுக்கு இதில் ஆச்சரியம் கிடையாது. கொங்கு நாட்டில் பழனிச்சாமி, செட்டிநாட்டில் பழனியப்பன், இன்னும் பழனிவேல், பழனியாண்டி, பெண்ணாகப் பிறந்தால் பழனியம்மாள். பிள்ளை வேண்டுமென்று அந்த மலைக்கு வேண்டிக்கொள்வார்கள். பிறந்ததும் அங்கேயே கொண்டுபோய் மொட்டை போட்டு, ஊரின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். இந்தப் பெயர் மலையாளக் கடற்கரை வரைக்கும் போயிருக்கிறது. தகழி 1956-ல் எழுதிய 'செம்மீன்' நாவலில் நாயகியின் கணவன், அந்த அநாதை மீனவன், அவன் பெயரும் பழனிதான்.

சரி, பெயருக்கு என்ன அர்த்தம்? ஞானப்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வந்த பிள்ளையை "பழம் நீ" என்று சமாதானம் செய்தார்கள், அதுதான் பழனி ஆயிற்று என்று பாட்டி சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அறிஞர்கள் வேறு வழி காட்டுகிறார்கள். அகநானூற்றின் முதல் பாட்டிலேயே நெடுவேள் ஆவி என்ற தலைவனின் 'பொதினி' என்ற ஊர் வருகிறது. மாமூலனார் பாடியது. அந்தப் பொதினியே பழனி ஆயிற்று என்பது ஒரு கருத்து. வயலுக்குப் 'பழனம்' என்று ஒரு பழைய சொல் உண்டு, அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. மலையடிவாரத்துக் கோயில் இருக்கும் இடத்துக்குத் திருவாவினன்குடி என்று பெயர். திருமுருகாற்றுப்படை சொல்லும் மூன்றாம் படைவீடு அது. ஆவியின் பெயர் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் ஓட்டு பொதினிக்கு. ஆனால் பாட்டியிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வந்ததில்லை.

இந்தப் பெயர் எங்கள் தாத்தாவுடையது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அதில் ஒரு சங்கடம், மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அதனால் அம்மா என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாதிப் பெயர்தான், "சாமி". ஊர்ப் பெயரையும் சொல்ல மாட்டார். பஸ்ஸில் கண்டக்டரிடம், "மலைக்கோயிலுக்கு ரெண்டு" என்பார். அவர் வேண்டுமென்றே, "எந்த மலைங்கம்மா? சிவன்மலையா, சென்னிமலையா?" என்பார். அம்மா என்னை இடிப்பார். நான்தான் "பழனி!" என்று கத்த வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் எனக்கு டெங்கு வந்து கோவையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. அம்மா ராத்திரி பஸ் ஏறி வந்தார். கவுண்டரில், "பேஷண்ட் பேரு?" என்று கேட்டிருக்கிறார்கள். "சாமி" என்றிருக்கிறார். அப்படி யாரும் இல்லை என்றார்களாம். பக்கத்தில் நின்ற சிவில் பழனி "நான் சொல்றேம்மா" என்று முன்னால் வர, அம்மா அவர் கையைத் தள்ளிவிட்டு, "பழனிச்சாமி. ஆறுமுகம் பையன் பழனிச்சாமி" என்றாராம். இதை எனக்குச் சொன்னது சிவில் பழனி. அம்மா இன்று வரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பிறகு நான் வேலைக்குப் போனேன். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு 'ழ' வரவில்லை, 'பலானி' என்றார்கள். ஒருவர் 'பால்' என்று சுருக்கினார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மின்னஞ்சலிலும் 'பால்' என்றே கையெழுத்திட ஆரம்பித்தேன். எட்டு வருஷம் அப்படியே போயிற்று. 2020-ல் ஊரடங்கு வந்து ஊரில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஒரு ராத்திரி அழைப்பில் "திஸ் இஸ் பால்" என்று ஆரம்பிக்கும்போது, அம்மா டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். பேசி முடித்ததும் கேட்டார்:

"யாரு கண்ணு அது, பாலு?"

"நான்தாம்மா. அவங்களுக்கு நம்ம பேரு வாயில வரல."

"எனக்கும்தான் வரல" என்றார். டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அழைப்பில் வேலையை நிறுத்திவிட்டு அவர்களுக்கு 'ழ' சொல்லிக்கொடுத்தேன். நாக்கை மடக்கச் சொல்லிப் பத்து நிமிஷம். ஒரே ஒரு அம்மணிக்கு மட்டும் சரியாக வந்தது. மற்றவர்கள் இன்னும் 'பலானி'தான். பரவாயில்லை, கையெழுத்தை மாற்றிவிட்டேன்.

காலையில் துறைக்குப் போய், இப்போது படிக்கிற பிள்ளைகளில் பழனி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். பேராசிரியர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "பேர்ல இல்லப்பா, இனிஷியல்ல இருக்காங்க" என்றார். ப. நிதின், ப. அஸ்வின் என்று எத்தனையோ 'ப'. அவர்களில் சிலரின் அப்பா பழனிதான். என் மகனும் இப்போதைக்கு ஒரு 'ப' தான். ஆறுமுகம் என்று என் அப்பா பெயரை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை. அது தனிக் கதை.

சிவில் பழனி அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இ.சி.இ. பழனி மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது "பழனி" என்று கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்பிப் பார்ப்போம்.