முதுமலை போய் வந்தோம்
(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் மலையடிவாரக் குழு உறுப்பினர்கள் பேசியது)



எங்க ஊரு காட்டோரம். போன வருஷம் அறுப்புக்கு நின்ன மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில யானைங்க தின்னதும் மிதிச்சதும் போக ஒண்ணும் மிஞ்சலை. "குழுவுல உள்கடன் எடுப்போம், வயலைச் சுத்தி கம்பி கட்டி கரண்டு விடுவோம்" என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. எங்களில் பாதிப் பேர் சரி என்றோம். தீர்மானம் எழுதும் முன்பே முதுமலைக்குப் பட்டறிவுப் பயணம் கிடைத்தது.

முதுமலை நீலகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 1940-ல் சரணாலயமாகவும், 2007-ல் புலிகள் காப்பகமாகவும் அறிவித்தார்கள். மசினகுடிப் பக்கம் போகப் போக மழை குறைந்து முள்ளுக்காடாகி விடுகிறது. நாங்கள் போனது கோடையில். தேக்கு இலையெல்லாம் உதிர்ந்து, புல்லு காய்ந்து கிடந்தது.

வனத்துறை வண்டியில் போகும்போது யானைக்கூட்டம் ஒன்றைப் பார்த்தோம். முன்னால் பெரிய பெண் யானை, நடுவில் குட்டி. "வயசான பொம்பளை யானைதாம்மா தலைவி. எந்தப் பக்கம் தண்ணி இருக்கும்னு அதுக்குத்தான் தெரியும்" என்றார் கூட வந்தவர். நாங்கள் எங்கள் ஊக்குநரைப் பார்த்துச் சிரித்தோம்.

பெரிய யானைக்கு ஒரு நாளைக்கு சுமார் 150 கிலோ தீனி, 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டுமாம். காடு காய்ந்தால் அது நடக்கத்தானே வேணும்? நடக்கிற வழியில நம்ம வயல் இருக்கு.

சாயங்காலம் தெப்பக்காடு முகாமுக்குப் போனோம். ராகியும் கொள்ளும் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடித்து யானை வாயில் வைக்கிறார்கள். இந்த முகாமில்தான் பொம்மனும் பெள்ளியம்மாவும் ரகு என்ற குட்டியை வளர்த்தார்கள். அதைப் பற்றிய படத்துக்கு 2023-ல் ஆஸ்கர் விருது கிடைத்தது. அதே வருஷம் தமிழக அரசு பெள்ளியம்மாவைக் காவடி வேலைக்கு நியமித்தது. அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்.

ரகு ஏன் அநாதையானான் தெரியுமா? அவன் தாய் செத்தது மின்சாரம் பாய்ந்து. அதைக் கேட்டதும் எங்களில் யாரும் பேசவில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் வயல்வேலிக் கரண்டில் 3 யானைகள் செத்ததும், 2 குட்டிகள் அந்த இடத்தை விட்டுப் போகாமல் சுற்றி வந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாமும் பிள்ளை பெற்றவர்கள்தானே!

ஊருக்கு வந்து கூட்டம் போட்டோம். கரண்டு கம்பிக்கு யாருக்கும் கடன் இல்லை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்தக் கம்பிக்கு யானை, ஆடு, நம்ம பிள்ளை என்ற பேதம் தெரியாது. கட்டினவருக்கு ஜெயிலும் உண்டு.

நஷ்டம் நஷ்டம்தான், மறைக்கவில்லை. அதனால் ஊரே சேர்ந்து முறை வைத்துக் காவல் இருக்கிறோம். யானை வந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்குப் போன் செய்கிறோம். பயிர் அழிந்தால் போட்டோ எடுத்து, இழப்பீட்டு மனுவைக் குழுவே எழுதிக் கொடுக்கிறது. உயிரைக் கொல்லாமல் அதிர்ச்சி மட்டும் தருகிற சூரிய மின்வேலிக்கு அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

காட்டோரக் குழுக்கள் எல்லாம் இந்தத் தீர்மானத்தை உங்கள் கூட்டத்தில் வையுங்கள்.