மாத்திரை வேளையும் தொழில் வேளையும்



மருந்தாளுநர் பணி குறித்த கருத்தரங்கைப் பழவேற்காடு ஏரிக்கரையில் கூட்டிய அமைப்பாளர்களைப் பாராட்டுகிறேன். மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து வழங்கும் பொறுப்பை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுபெற்ற மருந்தாளுநரிடம் ஒப்படைத்தது. அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று எடுத்துச் சொல்வதும் அவர் கடமை என்றன 2015இல் வந்த பணி ஒழுங்குமுறைகள். அந்தக் கடமையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

‘காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்’ என்கிறது சீட்டு. விடியுமுன் வலையோடு கிளம்புகிறவருக்குக் காலை எது? கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கரை திரும்பும்வரை பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். வீட்டில் என்றால் ஒரு வாய் சர்க்கரையில் சமாளிக்கலாம். நடு ஏரியில் வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “தொழிலுக்கு எத்தனை மணிக்குப் போறீங்க, எப்ப சாப்பிடுவீங்க?” என்று மருந்தாளுநர் கேட்டால் விஷயம் வெளியே வரும். பிறகு மருத்துவரிடம் பேசி வேளையை மாற்றலாம்.

இன்சுலின் விஷயமும் அப்படித்தான். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். மீன் ஏற்றும் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐஸ்கட்டியை ஒட்டி வைத்தால் மருந்து உறைந்துவிடும். உறைந்தது மறுபடி உருகினாலும் உதவாது. விலை கொடுத்து வாங்கிய மருந்து வீணாகாமலிருக்க, வாங்கும்போதே இதைச் சொல்லி அனுப்ப வேண்டாமா?

இந்த ஏரியில் முறை வைத்து மீன்பிடிக்க இறங்கும் ‘பாடு’ வழக்கம் உண்டு. தன் முறை வந்த நாளில் இறங்காவிட்டால் அன்றைய வருமானம் போயிற்று. ஆகவே இடுப்பு வலியோடு கடைக்கு வந்து, “ஒரு செட் மாத்திரை குடுங்க” என்கிறார்கள். கேட்பவரை நான் குறை சொல்லமாட்டேன். பெயர்கூடத் தெரியாதபடி காகிதத்தில் மடித்துக் கொடுப்பவரைக் கண்டிக்கிறேன். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை பிரஷரை ஏற்றும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் உழைப்பவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். செட்டில் ஸ்டீராய்டு இருந்தால் சுகர் எகிறும். சில சளி மாத்திரைகள் படகிலேயே தூக்கம் வரவைக்கும். டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவருக்கு வெயில் பட்டால் தோல் வெந்துபோகக்கூடும்.

தாய்மார்களே, மருந்துக்கடைக்குப் போகும்போது வீட்டில் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பில் கேளுங்கள். “இங்கே மருந்தாளுநர் யாருங்க?” என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்; அவருடைய பதிவுச் சான்றிதழ் கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். மருந்தாளுநர்களே, அவர்கள் கேட்கும்வரை நீங்கள் காத்திருக்காதீர்கள். தொழில் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் விசாரித்த பிறகே மாத்திரையைக் கையில் கொடுங்கள்.