யாழ்தேவியின் யன்னலும் ஒரு பச்சைத் துணியும்



1990ஆம் ஆண்டு நின்றுபோன வடபகுதி ரயில் 2013 செப்டெம்பரில்தான் மறுபடியும் கிளிநொச்சிக்கு வந்தது. அடுத்த வருடம் ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. இன்று எங்கள் ஊர்களில் குறும்படம் எடுக்கத் துடிக்கிற பிள்ளைகளில் பலர் அந்த ரயிலில்லாக் காலத்தில் பிறந்தவர்கள். அவர்களில் ஒருவர் எண்பதுகளில் நடக்கிற கதை ஒன்றை எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். கொழும்பில் வேலைபார்க்கும் தகப்பன் யாழ்தேவி ரயிலில் ஊருக்கு வருகிறார். மாங்குளம் கழிந்ததும் எழும்பி யன்னலோரமாகப் போய் இருக்கிறார். முறிகண்டி வரப்போகிறது என்று முகம் மாறுகிறது. அந்த முகத்தை எப்படிப் படம் பிடிப்பது? பெட்டியை வாடகைக்கு எடுக்கக் காசில்லை. ஓடுகிற ரயிலில், சனத்துக்கு நடுவே, ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பி நடிக்கவும் ஏலாது.

ஒரு வாங்கு, கழற்றிப் போட்ட பழைய யன்னல் சட்டம் ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு பச்சைத் துணி. இந்த மூன்றோடு அந்தக் காட்சியை ஒரு சனசமூக நிலையத்துக்குள்ளேயே எடுத்துவிடலாம். இன்றைக்கு அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பச்சைத் திரை என்றதும் பெரிய படங்களின் பறக்கும் வீரர்களும் அரக்கர்களும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார்கள். உண்மையில் இந்த வித்தை பழையது. 1940இல் வந்த ‘தீஃப் ஒஃப் பக்தாத்’ படத்தில், மைசூர் யானைப்பாகன் ஒருவரின் மகனான சாபு நடித்த பூதக் காட்சிகளுக்கு, லரி பட்லர் என்பவர் நீலத் திரையைப் பயன்படுத்தினார். அதற்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது. அன்றைக்கு நீலம் என்றால் இன்றைக்கு ஏன் பச்சை? மனிதத் தோலின் நிறத்துக்கு இரண்டுமே தூரம்தான். ஆனால் இன்றைய கமராக்களின் உள்ளே ஒளியை வாங்குகிற நுண்புள்ளிகளில் பாதி பச்சைக்கும், மீதிப் பாதி சிவப்புக்கும் நீலத்துக்குமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பச்சையைத்தான் கமரா ஆகத் துப்புரவாகப் பார்க்கிறது. குறைந்த வெளிச்சமும் போதும். கணினி அந்தப் பச்சையைத் தேடி அழித்துவிட்டு, அந்த இடத்தில் நாங்கள் கொடுக்கிற வேறு படத்தைக் காட்டுகிறது. சங்கதி அவ்வளவுதான்.

கமராவுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. வன்னியின் இறுதிப் போர்க்காலத்தைச் சொல்லும் ‘வெந்து தணிந்தது காடு’ என்ற முழுநீளப் படத்தை ம.தி.சுதா ஐபோனிலேயே எடுத்து முடித்தார். கையிலிருக்கும் போன் போதும். வெட்டி ஒட்டுவதற்கு டாவின்சி ரிசோல்வ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கணினி இல்லாவிட்டால் கைன்மாஸ்டர் போன்ற செயலிகளைக் கொண்டு போனிலேயே பச்சையை அழிக்கலாம்.

இனித் துணிக்கு வருவோம். புடவைக்கடைக்குப் போனால் மினுங்குகிற துணியைத் தொடாதீர்கள். சற்றின், பட்டு வகைகள் வெளிச்சத்தைத் தெறிக்கவிட்டு நடுவில் வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கும். பருத்தி, அல்லது பருத்தி கலந்த துணி, நல்ல கிளிப்பச்சையில் வாங்குங்கள். கரும்பச்சை வேண்டாம். அளவைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை. நடிகரின் தலை, தோள், கை அசைகிற இடத்துக்குப் பின்னால் மட்டும் பச்சை இருந்தால் போதும். அதற்கு வெளியே தெரிகிற சுவர், கதிரை எல்லாவற்றையும் மென்பொருளில் கோடு போட்டு வெட்டி எறிந்துவிடலாம். யன்னல் காட்சிக்கோ யன்னலை விடக் கொஞ்சம் பெரிய துண்டு காணும்.

துணியை அயன் பண்ணி, மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடியுங்கள். சும்மா கயிற்றில் தொங்கவிட்டால் சுருக்கம் விழும், ஒவ்வொரு சுருக்கத்துக்குள்ளும் நிழல் விழும், கணினிக்கு அது வேறொரு பச்சை. சோளகம் வீசும் மாதங்களில் வெளியில் கட்டவே கட்டாதீர்கள். வைகாசி தொடங்கிவிட்டால் வன்னியில் அந்தக் காற்று உங்கள் திரையைப் பாய்மரமாக்கிவிடும். மண்டபத்துக்குள் ஒரு சுவருக்கே மினுங்காத பச்சைப் பெயின்ற் அடிக்க அனுமதி கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

ஆனால் நேயர்களே, நான் பார்த்தவரையில் பிள்ளைகள் தோற்பது துணியில் அல்ல, வெளிச்சத்தில். திரைக்கு ஒரு வெளிச்சம், ஆளுக்கு வேறு வெளிச்சம். இதை மனதில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. திரையின் இரு பக்கமும் ஒரே மாதிரியான இரண்டு எல்ஈடி மின்குமிழ்களை வைத்து, அவற்றுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டினால் வெளிச்சம் பரவி ஒரே சீராக விழும். நடிகரைத் திரையிலிருந்து 6 அடியாவது முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டி நின்றால் அவருடைய நிழல் துணியில் விழும், துணியின் பச்சை அவருடைய கன்னத்திலும் காதிலும் ஏறும். பாடசாலைப் பிள்ளைகளை வைத்து எடுக்கும்போது இது இன்னும் மோசம், ஏனென்றால் எங்கள் சீருடை வெள்ளை. தோள்பட்டையைச் சுற்றிப் பாசி பிடித்ததுபோல ஒரு பச்சைக் கரை தெரியும். இடத்தைக் கூட்டுவதும், பின்னாலிருந்து தோளில் விழுகிற மாதிரி ஒரு சிறிய விளக்கு வைப்பதும்தான் அதற்கு மருந்து. பச்சைக் கரை போட்ட வேட்டி உடுத்தி யாரும் வந்தால் கரை காணாமற் போய்விடும். மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விடயம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போனை அதன் போக்கில் விட்டால் சில குமிழ்களின் கீழ் படம் படபடக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஐம்பதில் ஒரு செக்கனாகப் பூட்டிவிடுங்கள். வெளிச்ச அளவையும் நிறத்தையும்கூடப் பூட்டுங்கள், நடிகர் கையை உயர்த்தும்போதெல்லாம் துணியின் நிறம் மாறாமலிருக்கும்.

இப்போது யாழ்தேவிக்குத் திரும்புவோம். யன்னலுக்கு வெளியே ஓடவேண்டிய காட்சியை எங்கே எடுப்பது? வவுனியாவில் ரயில் ஏறுங்கள். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு. காடு, வயல், பனை, கடைசியில் கடல்நீரேரி. கையை வெளியே நீட்டாமல், போனை யன்னல் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, அசையாமல் பிடித்துக்கொண்டே வாருங்கள். நடிகர் இருந்து பார்க்கப்போகும் உயரத்திலேயே பிடியுங்கள். வெயில் எந்தப் பக்கத்தால் விழுந்தது, எத்தனை மணி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மண்டபத்தில் விளக்கை அதே பக்கத்தில் வைக்கவேண்டும். பின்னணியில் வெயில் இடப்பக்கமும் முகத்தில் வெளிச்சம் வலப்பக்கமும் இருந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் விளங்காது, ஆனால் நம்பமாட்டார். பின்னணியை மென்பொருளில் கொஞ்சம் மங்கலாக்கினால் இன்னும் இயல்பாக வரும்.

மண்டபத்தில் ஒருவர் வாங்கின் காலை மெதுவாக ஆட்டட்டும். இன்னொருவர் விளக்குக்கு முன்னால் பனையோலை ஒன்றைக் குறுக்கே கொண்டுபோகட்டும், மரங்களின் நிழல் தகப்பனின் முகத்தில் ஓடிப்போகும். மின்விசிறியை மெல்ல ஓடவிட்டால் தலைமயிர் பறக்கும். பிறகு, உண்மையான ரயிலில் பதிந்துவந்த சத்தத்தை அடியில் போடுங்கள். வானொலிக்காரர்களாகிய எங்களுக்கு இது நன்றாகத் தெரியும், சத்தம் சரியாக அமைந்தால் கேட்கிறவர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறார்.

இவ்வளவையும் நான் ஒரு யன்னலை வைத்தே சொன்னதற்குக் காரணம் உண்டு. ஈபில் கோபுரத்துக்கு முன்னால் நின்று பாடுகிற மாதிரி, இணையத்தில் எடுத்த பனிமலைக்கு முன்னால் சண்டை பிடிக்கிற மாதிரி எத்தனையோ படங்கள் வருகின்றன. இந்தத் துணியின் பெறுமதி அங்கே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். எங்களிடம் இல்லாமற்போன வீடுகள் இருக்கின்றன, ஓடாமலிருந்த ரயில் இருக்கிறது, வற்றியும் நிரம்பியும் முகம் மாறுகிற இரணைமடுக் குளம் இருக்கிறது. மாரியில் குளம் வான்பாயும்போது போய் எடுத்து வையுங்கள். கதை கோடையில் எடுக்கப்பட்டாலும் அந்தத் தண்ணீர் உங்களிடம் இருக்கும். முதிய ஒருவரை அவருடைய பழைய வீட்டுப் படத்துக்கு முன்னால் இருத்திப் பேசவைக்கலாம். அந்தப் படம் ஒரு மூலையில் கிழிந்திருந்தால் அப்படியே இருக்கட்டும்.

முல்லைத்தீவில் ஒரு குழு நந்திக்கடலை எடுத்து வைத்திருக்கும். வவுனியாவில் இன்னொரு குழுவிடம் பழைய கடைத்தெரு இருக்கும். அவற்றை இடம், மாதம், நேரம், வெயிலின் திசை எழுதி ஒரே வன்தட்டில் சேர்த்து, எல்லா மாவட்டப் பிள்ளைகளும் கைமாற்றிப் பாவித்தால், ஒரு குழுவுக்கு ரயில் சீட்டுக் காசு மிச்சம். மற்றக் குழுவுக்கு, போகமுடியாத பருவம் ஒன்று கையில் கிடைக்கும். இப்படி ஒரு சேகரிப்பைத் தொடங்க நினைக்கிற பாடசாலை ஊடகக் கழகங்களும் சனசமூக நிலையங்களும் முதலில் ஒரு நிமிடப் பின்னணி ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடிகர் வருவதற்கு முதல்நாள் உங்களில் ஒருவரை அந்த வாங்கில் இருத்தி, பச்சையை அழித்து, காதோரத்து மயிரைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே பச்சை தெரியாவிட்டால் மறுநாள் நடிகரைக் கூப்பிடலாம்.